மன்னிப்பில் தொடங்காத மனு

தெமோதரை,
1998 ஒக்டோபர் 11

அன்புள்ள மல்லிகா அக்காவுக்கு,

லீலா எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வந்து மழையோடு போகிறது, அதையும் வீட்டில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டோம். பெரியம்மா எப்படி? அத்தான், குட்டி யமுனா எல்லோரும் சுகம்தானே?

கம்பஸ் பெறுபேறு வந்துவிட்டது. பாஸ்தான், பயப்படாதீர்கள். ஆனால் மெய்ப் பகுப்பாய்வு என்ற பாடத்தில் இரண்டு பேப்பரிலும் ‘சி’. முதலாம் வகுப்பு வரும் என்று விரிவுரையாளர் சேர்மார் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இரண்டாம் வகுப்பு, அதிலும் கீழ்ப் பிரிவு. அம்மா இது கண்ணூறு என்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார். அப்பா, பரீட்சை வாரம் எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது என்கிறார். எனக்கு அப்படி ஒரு தடிமன் நினைவில்லை.

இப்போது பதுளையில் ஒரு பாடசாலையில் தொண்டராசிரியையாகப் போய் வருகிறேன். ஆனால் மனம் அதில் நிற்கவில்லை. எனக்குப் பிரயோக கணிதம் மேலே படிக்க வேண்டும் அக்கா. நான்காம் வருடம் நான் செய்த ஆய்வு நம் தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுவதைப் பற்றியது. மாடியில் பரப்பிய கொழுந்து மேலாக எவ்வளவு சீக்கிரம் காய்கிறது, அடியில் ஏன் ஈரமாகவே கிடக்கிறது, எப்போது பிரட்டிவிட வேண்டும் என்பதைச் சமன்பாடாக எழுதினேன். அது பாதியில் நிற்கிறது. அதை முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. இங்கே இந்த வகுப்போடு மேற்படிப்புக்கு இடமில்லை. எங்கள் இரகுநாதன் சேர், “வெளியில போட்டுப் பாரும் பிள்ளை, அங்க வகுப்பை மட்டும் பார்க்கமாட்டினம்” என்றார். அதனால் நான்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன்.

‘நான் ஏன் படிக்க விரும்புகிறேன்’ என்று ஒரு கட்டுரை கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத நம் வீட்டில் அப்பாவை விட்டால் யார்? ஸ்டோரில் அளவெடுக்க எனக்கு அனுமதி கேட்டுத் தோட்டத் துரைக்கு அவர்தான் மனு எழுதினார். துரை வழக்கம்போல் அதன் மூலையில் நீலப் பென்சிலால் ‘சரி’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அதே கையால் இந்தக் கட்டுரையையும் எழுதித் தருகிறேன் என்று அப்பா மேசையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் தைரியமாக இருக்கிறது.

உங்கள் அன்புத் தங்கை,
புஷ்பலீலா


கோயமுத்தூர்,
1998 நவம்பர் 8

அன்புத் தங்கை லீலாவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். நாங்கள் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை, அவருக்கு ஆட்டோ, யமுனாவுக்குப் பள்ளிக்கூடம், எனக்குக் கடை. சித்தி முழங்காலில் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்.

மனு எழுதும் சித்தப்பாவை நினைத்ததும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறும்போது எனக்குப் பதின்மூன்று வயது. எட்டாம் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாம் சித்தப்பாவின் மேசைக்கு முன்னால் வரிசையாக நிற்பது கண்ணுக்குள் இருக்கிறது. துரையின் நீலப் பென்சிலுக்காகப் பயந்துகொண்டு காத்திருப்போமே!

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் வேலை செய்யும் டி.டி.பி. கடை இன்ஜினியரிங் காலேஜுக்கு நேர் எதிரில். அமெரிக்கா போகிற பையன்கள் எல்லாரும் நீ சொல்கிற அந்தக் கட்டுரையை என்னிடம்தான் டைப் அடிக்கிறார்கள். முன்னாலேயே சொல்லியிருந்தால் நானும் பார்த்திருப்பேன். சரி, இந்நேரம் அனுப்பியிருப்பாய். உறையில் முகவரியைத் தெளிவாக எழுதினாயா?

ஆமாம், ஏன் ‘சி’? நீ கணக்கில் புலி ஆச்சே. ஏதாவது நடந்ததா? எனக்கு மட்டும் சொல். நான் படித்தவள் இல்லை, டைப் அடிக்கிறவள். ஆனாலும் அக்கா.

டிசம்பரில் எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
மல்லிகாதேவி


தெமோதரை,
1999 ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டேன். வருஷப் பிறப்புக்கு அம்மா பலகாரம் சுட்டார். உங்கள் பங்கை நானே சாப்பிட்டேன்.

நான்கு இடத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது அக்கா. நான்கும் ‘வருந்துகிறோம்’. கடைசிக் கடிதத்தைத் தபால்காரர் ஸ்டோர் வாசலில் வைத்து அப்பா கையில் கொடுத்திருக்கிறார். அப்பா அதைத் திறக்காமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, கை கழுவப் போய் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. லயத்தில் எல்லோரும் “எப்ப கண்ணு பிளேன் ஏறப் போற?” என்று கேட்கிறார்கள். ஆமாங்க, பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.

கட்டுரையின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நூற்றுக்கணக்கில் இப்படிப் பார்த்த கண் உங்களுக்கு. எங்கே பிழை என்று சொல்லுங்கள். இலக்கணப் பிழை இருக்காது, அப்பா மூன்று முறை பார்த்தார். ‘சி’ தான் காரணம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், நான் இந்த எண்ணத்தையே விட்டுவிடுகிறேன்.

லீலா


கோயமுத்தூர்,
1999 ஜூன் 20

அன்பு லீலாவுக்கு,

நாங்கள் சுகம். மே மாதம் முழுக்க எனக்கு வேலை நெருக்கடி, அதுதான் இத்தனை தாமதம். மன்னித்துக்கொள். உன்னை இவ்வளவு நாள் காக்க வைத்தது எனக்கே பொறுக்கவில்லை.

உன் கட்டுரையைப் படித்தேன். முதலில் சிரித்தேன். பிறகு கடையைச் சாத்திவிட்டு அழுதேன். அடி பெண்ணே, நீ எழுதியிருப்பது கட்டுரை இல்லை, மனு! தொடக்கத்தைப் பார்: ‘மிகுந்த தாழ்மையுடனும் பணிவுடனும் தெரியப்படுத்திக்கொள்வது என்னவென்றால், மெய்ப் பகுப்பாய்வு என்னும் பாடத்தில் குறைந்த புள்ளி பெற்ற குற்றத்துக்குத் தங்கள் சமூகத்தில் முதற்கண் மன்னிப்புக் கேட்கிறேன்.’ அதற்குப் பிறகு ஒரு பக்கம் முழுக்க உன் கவனக்குறைவு, உன் அறிவீனம், உன் ஏழ்மை. கொழுந்து ஆய்வு எங்கே என்று தேடினேன். கடைசியில், ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியை’ என்பதற்கு மேலே, இரண்டே வரி.

சித்தப்பா மேல் தப்பே இல்லை. துரைக்கு அப்படித்தான் எழுத வேண்டும். தப்பு செய்யாவிட்டாலும் தப்பு என்று முதலில் சொல்லிவிட்டால் துரை கோபம் தணியும், பிறகு கேட்க வேண்டியதைக் கேட்கலாம். எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த ஊர்ப் பேராசிரியர் துரை இல்லை. ‘நான் அறிவில்லாதவள்’ என்று நீ எழுதினால், அப்படியா, சரி என்று நம்பிவிடுவார்.

இங்கே பையன்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு அரியர் இருந்தால் போதும், அந்த வாரம் தாத்தா செத்துப்போனார் என்று எழுதுவார்கள். ஒரே பையனுக்கு மூன்று தாத்தாக்களை நானே கொன்றிருக்கிறேன். நீயும் ஏதாவது ஒரு காரணம் எழுது. சித்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் என்று எழுதலாமே. உண்மையில் என்ன நடந்தது என்று நீ இன்னும் சொல்லவில்லை. அந்தப் பாடத்தில் தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் நடுவில்தான் எல்லாரும் விழுவார்கள், அங்கேதான் நீயும் விழுந்தாயா?

எண்ணத்தை விட்டுவிடுகிறேன் என்று இனிமேல் எழுதாதே. எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மல்லிகா அக்கா


தெமோதரை,
1999 ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் அனைவரும் சுகம். மூன்று தாத்தாக்களைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு இரகுநாதன் சேரிடமும் போனேன். அவரிடம் முன்பு கட்டுரையைக் காட்டவில்லை, சிபாரிசுக் கடிதம் மட்டும் வாங்கினேன். இப்போது வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “உதென்ன பிள்ளை, மன்னிப்புக் கடிதமோ? நான் உம்மைப் புகழ்ந்து எழுதினதெல்லாத்தையும் நீரே பொய்யெண்டு எழுதி அனுப்பியிருக்கிறீர்!” என்றார்.

அக்கா, நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். காரணம் ஒன்றுமில்லை. தடிமன் இல்லை, கண்ணூறு இல்லை, அம்மாவுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பாடம் எனக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். மற்ற பாடமெல்லாம் கேட்ட உடனே விளங்கியதால், இதுவும் விளங்கியது மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை மண்டபத்தில் வைத்துத்தான் என் நடிப்பு எனக்கே தெரிந்தது. இதைச் சொல்லத்தான் இத்தனை மாதம் வாய் வரவில்லை. துக்கமான காரணம் இருந்தால் எவ்வளவு வசதி!

ஆனால் பெறுபேறு வந்த மறுவாரமே அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்தேன். பாடசாலை விட்டு வந்ததும் தினமும் கணக்குச் செய்கிறேன். இப்போது கடைசி அதிகாரம். நீங்கள் சொன்ன அதே இடத்தில்தான் விழுந்து கிடந்தேன். இப்போது அங்கே நடக்கிறேன். கொழுந்துச் சமன்பாடு ஏன் பாதியில் நின்றது என்பதும் இப்போதுதான் தெரிகிறது. அதற்கு வேண்டியதே இந்தப் பாடம்தான்.

ஆகையால் பொய் எழுத மாட்டேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கவும் மாட்டேன், அவர் நிஜமாகவே படுத்துவிடுவார். இன்னொரு முறை விண்ணப்பிக்கிறேன். இந்த முறை நீங்கள் டைப் அடித்துத் தர வேண்டும். அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. அவர் மனுவால்தான் போனது என்று எந்த வாயால் சொல்வது?

அன்புடன்,
லீலா


கோயமுத்தூர்,
1999 ஆகஸ்ட் 29

அன்பு லீலாவுக்கு,

எல்லோரும் நலம். யமுனாவுக்கு ஒரு பல் விழுந்தது, அதை உனக்கு அனுப்ப வேண்டுமாம். வேண்டாம் என்று சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

நீ அனுப்பிய புதுக் கட்டுரையை டைப் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கொழுந்து ஆய்வு மேலே வந்துவிட்டது. மாடி, காற்று, ஈரம், நீ அளவெடுத்த விதம் எல்லாம் தெளிவாக இருக்கிறது. படித்தபோது தேயிலை வாசம் அடித்தது, சத்தியமாக. ‘சி’ நடுவில் ஒரு சின்னப் பத்தியில் இருக்கிறது: ‘மெய்ப் பகுப்பாய்வில் எனக்கு சி கிடைத்தது. அப்போது அந்தப் பாடம் எனக்கு விளங்கவில்லை. அதன் பிறகு நானாகவே முழுவதையும் மறுபடி படித்தேன். இப்போது விளங்குகிறது.’

ஒரு மன்னிப்பும் இல்லை, ஒரு தாத்தாவும் இல்லை. இந்த நாலு வரியை அடித்துவிட்டு நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வெளியே பையன்கள் காத்திருந்தார்கள். இப்படிக்கூட எழுதலாமா என்று எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை லீலா. உனக்கு நான் டைப் அடித்துக் கொடுத்தேன் என்று நீ நன்றி சொல்வாய். நான்தான் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்காதே.

சித்தப்பாவுக்கு என்றைக்காவது தெரியத்தான் போகிறது. நீயே சொல்லிவிடு.

மல்லிகா அக்கா


தெமோதரை,
2000 ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்துக்களோடு எழுதுகிறேன். பெரியம்மாவின் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம், குளிர்தான் எலும்பைத் தொடுகிறது.

விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. நான் சொல்வதற்கு முன்னால் அப்பாவே கட்டுரையைப் பார்த்துவிட்டார். மேசையில் கிடந்ததை எடுத்து நின்றபடியே வாசித்தார். “இதுல மன்னிப்பே இல்லையே?” என்றார். இல்லைங்கப்பா என்றேன். “மொதல்ல எழுதுனதாலதான் போச்சா?” என்று கேட்டார். நான் தாளை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தேன். அதுவே பதிலாகப் போய்விட்டது.

போன வாரம் நம் லயத்துப் பெரியாயி மாமி கூரை ஒழுகுகிறது என்று மனு எழுத வந்தார். அப்பா வழக்கம்போல் ஆரம்பித்தார். ‘மிகுந்த தாழ்மையுடன், முதற்கண் என் குற்றத்தைப் பொறுத்தருள...’ என்றதும் பேனா நின்றது. திரும்பி என்னைப் பார்த்து, “ஏம்மா, கூரை ஒழுகுறதுக்குப் பெரியாயி என்னா தப்புப் பண்ணுச்சு?” என்று கேட்டார்.

மாமிதான், “ஒண்ணும் பண்ணலீங்கண்ணே, மழைதான் பேஞ்சுச்சு” என்றார்.

அப்பா அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ‘கூரைத் தகரம் மூன்று இடத்தில் ஓட்டை. மழைத் தண்ணீர் படுக்கையில் விழுகிறது. மாற்றித் தரவும்.’ அவ்வளவுதான். கொடுக்குமுன் அதை இன்னொரு முறை வாசித்தார். துரை மூலையில் ‘பார்க்கிறேன்’ என்று எழுதி அனுப்பினார். கோபிக்கவில்லை! அப்பா அதை எல்லோருக்கும் காட்டினார். அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

லீலா


கோயமுத்தூர்,
2000 மார்ச் 5

அன்பு லீலாவுக்கு,

சுகம். அங்கேயும் அப்படித்தானே? பெரியாயி மாமியின் கூரையைப் பற்றிக் கேட்டு மனசு குளிர்ந்தது.

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். டிசம்பர் நினைத்தபடி போகவில்லை. அது ஒன்றுமில்லை, விடு. இனி அந்த வேலையே வேண்டாம் என்று இருக்கிறேன். உனக்கு இந்தத் தடவை கட்டாயம் கிடைக்கும். கிடைத்த உடனே எழுது.

மல்லிகா


தெமோதரை,
2000 ஏப்ரல் 6

என் அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிறேன், ஆனால் இந்த முறை அவசரமாக! கிடைத்துவிட்டது! கனடாவில் ஒரு பல்கலைக்கழகம். பிரயோக கணிதம், முதுமாணிப் பட்டம். படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் அவர்களே பொறுப்பு. அதற்குப் பதிலாக அங்கே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

பதுளையில் அஸீஸ் நானாவின் கொமியூனிகேஷன் கடை பெக்ஸ் இலக்கத்தைத்தான் விண்ணப்பத்தில் கொடுத்திருந்தேன். அவர் தாளைக் கையில் பிடித்தபடி பாடசாலை வாசலுக்கே வந்துவிட்டார். “தங்கச்சி, எனக்கு இங்கிலீசு மட்டுமட்டு. ஆனா இதுல ‘வருந்துறோம்’ இல்ல, நல்லாப் பார்த்துட்டேன்!” என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். அம்மா கோயிலுக்கு ஓடினார். அப்பா அந்த பெக்ஸ் தாளின் மூலையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. முதல் தவணையிலேயே மெய்ப் பகுப்பாய்வை மறுபடி எடுத்து, டிசம்பரில் பரீட்சை எழுத வேண்டும். உங்கள் கட்டுரையின் மூன்றாம் பத்தியை நாங்கள் நம்புகிறோம், நீங்களும் நிரூபியுங்கள் என்று அந்தப் பேராசிரியர் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தி நீங்கள் டைப் அடித்த பத்தி. என் ஆயுள் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன் அக்கா.

இப்போது நான் கேட்கப் போவதற்குக் கோபிக்காதீர்கள். எல்லாரும் எங்கே விழுவார்கள் என்று அன்றைக்கு எழுதினீர்களே. அது டைப் அடிப்பவருக்குத் தெரிகிற விஷயம் இல்லை, அந்த இடத்தில் விழுந்தவருக்குத்தான் தெரியும். மேயும் டிசம்பரும் வந்தால் உங்களுக்கு வேலை வந்துவிடுகிறது. அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்கு அங்கே அந்த இரண்டு மாதத்தில்தான் பரீட்சை என்று இரகுநாதன் சேர் சொன்னார். நீங்கள் பட்டப் படிப்புப் படிக்கிறீர்களா அக்கா? அந்தப் பாடம் மட்டும்தான் நிற்கிறதா?

லீலா


தெமோதரைத் தோட்டம்,
எட்டாம் லயம்,
2000 ஜூன் 4

கோயமுத்தூர் திருமதி மல்லிகாதேவி அவர்களுக்கு, நல்லுசாமி எழுதும் மனு.

‘மிகுந்த தாழ்மையுடனும்’ என்று எழுதி அடித்திருக்கிறேன். கை பழக்கம். உன் தங்கை காட்டிய புது முறைப்படி நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்று. என் மகள் படிக்கப் போகிறாள். நான் எழுதிக் கொடுத்ததால் கெட்டதை நீ டைப் அடித்து நேராக்கினாய். அதற்கு இந்தக் குடும்பம் உனக்கு நன்றி சொல்கிறது. எங்கள் லயமும் சொல்கிறது. பெரியாயி வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டாகிவிட்டது.

இரண்டு. லீலா உன்னிடம் ஒன்று கேட்டு எழுதினாள். இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. அவள் தினம் தபால்காரரைப் பார்க்கிறாள். என்ன கேட்டாள் என்று என்னிடமும் சொன்னாள். நீ அவளுக்கு மறைத்தது எனக்கு ஆச்சரியமில்லை. தோற்றதை மறைப்பதும், மறைக்க முடியாவிட்டால் மன்னிப்புக் கேட்பதும் நம் ஆட்களின் வழக்கம். நானே ஊருக்கெல்லாம் அப்படி எழுதிக் கொடுத்தவன்.

மூன்று. கோரிக்கை. டிசம்பர் மாதம் லீலா அங்கே அந்தப் பரீட்சையை எழுதுகிறாள். அதே மாதம் நீ அங்கே எழுத வேண்டும். காரணம் எதுவும் காட்டத் தேவையில்லை.

உன் அம்மா, மாப்பிள்ளை, யமுனா எல்லோருடைய சுகத்தையும் எழுது. நாங்கள் சுகம்.

இப்படிக்கு,
நல்லுசாமி
(கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்பதையும் அடித்துவிட்டேன்)


கோயமுத்தூர்,
2000 ஜூலை 23

அன்பு லீலாவுக்கு,

நாங்கள் சுகம். நீ புறப்படுவதற்குள் இது கிடைக்க வேண்டும் என்று ஏர்மெயிலில் போடுகிறேன். ஸ்வெட்டர் இரண்டாக எடுத்துக்கொள். தெமோதரைக் குளிர் அங்கே குளிரே இல்லையாம்.

ஆமாம். யமுனா பிறந்த பிறகு சேர்ந்தேன். பி.எஸ்.ஸி. கணிதம், அஞ்சல் வழி. அவருக்கு மட்டும் தெரியும். கப்பலேறியபோது விட்ட கணக்கு அது. இங்கே வந்ததும் கோத்தகிரியில் கொழுந்துக் கூடையைத்தான் கையில் கொடுத்தார்கள். மற்ற எல்லாப் பேப்பரும் முடிந்துவிட்டது, இது ஒன்றுதான் திரும்பத் திரும்ப விழுகிறது. ஒவ்வொரு முறையும் பையன்களின் அரியரை டைப் அடிப்பேன், என் அரியரைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன். நீ கம்பஸில் படித்தவள், உன்னிடம் எப்படிச் சொல்வது? அதனால் ‘வேலை, வேலை’ என்றே எழுதிவிட்டேன்.

உன் கேள்வியைப் படித்ததும் திருடி பிடிபட்ட மாதிரி இருந்தது. பிறகு ஒரு நிம்மதி வந்தது பார், அதைச் சொல்லத் தெரியவில்லை.

சித்தப்பாவின் மனு மேசை மேல் இருக்கிறது. பதில் போடவில்லை. துரைமார் மனுவைக் கண்ட உடனே முடிவு சொல்கிறார்களா என்ன? அவரைக் காத்திருக்கச் சொல். அவருக்குப் பழக்கம்தான்.

போய் வா கண்ணு.

மல்லிகா அக்கா


கோயமுத்தூர்,
2001 மார்ச் 11

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும்,

நாங்கள் எல்லோரும் சுகம். சித்தியின் முழங்கால் தேவலையா?

லீலா கனடாவிலிருந்து எழுதியிருந்தாள். ஜன்னல் வரைக்கும் பனி, பகுப்பாய்வில் ‘ஏ’, கொழுந்துச் சமன்பாடு மறுபடி நகருகிறது என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாள். உங்களுக்கும் எழுதியிருப்பாள். பரீட்சை அன்றைக்குக் காலையில் என்னை நினைத்தாளாம். நானும் என் ஹாலில் அவளை நினைத்தேன். எந்தக் கேள்விக்கும் விளங்கியது மாதிரி நடிக்கவில்லை. தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதினேன்.

உங்கள் மனுவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நீலப் பென்சில் தேடிக் கடை கடையாக அலைந்தேன். கடைசியில் யமுனாவின் கலர்ப் பெட்டியில்தான் கிடைத்தது. மேல் மூலையைப் பாருங்கள். துரையின் கை மாதிரி சாய்த்து எழுதத் தெரியவில்லை:

‘சரி. எழுதியாயிற்று. நாற்பத்திரண்டு. பாஸ். — ம.தே.’